மூணு தட்டு

இது நடந்தது. யாரோ யாரிடமோ கேட்டுச் சொன்ன கதை என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், எனக்கு நஷ்டமில்லை. இது யாருக்கு நடந்ததோ அவள் தினமும் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறாள். ஒரு லென்ஸில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுக்கு. கூட்டிச் சொல்லத் தெரியாத வாய். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அவள் புருஷன் நீரேற்று நிலையத்தில் பம்ப் மெக்கானிக். ஆள் கதவு உயரம் இருப்பார், அதனால் எல்லோருக்கும் அவர் நெட்டைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ கடையைக் காலி பண்ணுகிறார்கள் என்று போனவர், மூலை நசுங்கிய ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு விளையாட்டு. பூமிக்கடியில் குகை, தண்ணீர் ஏறிக்கொண்டே வரும், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சேர்ந்து வெளியே வர வேண்டும். ஒருவரையொருவர் வெட்டுவது கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி, எதிரி அந்தத் தண்ணீர்தான்.

"நாள் பூரா தண்ணியோடதான் மல்லுக்கட்டறீங்க. வீட்லயுமா?" என்று அவள் கேட்டாளாம்.

"இங்க தோத்தா சம்பளம் பிடிக்க மாட்டாங்கடி" என்றாராம் நெட்டை.

அவருக்குப் பச்சைக் காய். அவளுக்குச் சிவப்பு. பத்து வயசு மகள் குட்டிக்கு மஞ்சள். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டால் அப்புறம் பேசக் கூடாது. மேஜையைத் தட்டலாம், அவ்வளவுதான். ஒரு தட்டு என்றால், நில்லு. ரெண்டு தட்டு என்றால், உன்கிட்ட வர்றேன். மூணு தட்டு என்றால், நீங்க போங்க, நான் இருக்கேன். மூணு தட்டினவர் குகைக் கதவை உள்ளேயிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். தண்ணீர் அங்கேயே நிற்கும். மற்றவர்கள் தப்பிப்பார்கள், ஆட்டம் ஜெயிப்பு.

முதல் நாளே நெட்டை மூணு தட்டினார். குட்டி கைதட்டினாள். இவளோ ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ரெண்டு நாள் அவரோடு பேச்சில்லை.

"விளையாட்டுக்குக் கூட அப்படித் தட்டாதீங்க. இந்த வீட்ல மூணு கிடையாது. வந்தா எல்லாரும் வருவோம், இல்லைன்னா யாரும் வேணாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சட்டம் அதுதான். அதனால் அவர்கள் ஓர் ஆட்டம் கூட ஜெயித்ததில்லை. "உங்கம்மா சட்டப்படி ஆடினா நமக்கு ஜலசமாதிதான் குட்டி" என்று அவர் சிரிப்பார். இவள் கையில் ஒற்றை வளையல் போட்டிருப்பாள். தட்டும்போது அதுவும் சேர்ந்து மேஜையில் இடிக்கும். டக்... கிளிங். "கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன், இது எங்க வீட்டுக்காரி தட்டுன்னு" என்று அதற்கும் ஒரு கிண்டல்.

அந்த மழைக்காலத்தில் நீரேற்று நிலையத்தில் பெரிய குழாய் வெடித்தது. தரைக்குக் கீழே வால்வு அறையில் நாலு பேர். மூணு பேர் மேலே வந்தார்கள். தண்ணீர் வந்த வேகத்தில் இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, திறக்க முடியவில்லை என்று நிலையத்தில் சொன்னார்கள். மறுநாள்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

துக்க வீட்டில் அவள் அழவில்லை. தப்பி வந்தவர்களில் சின்னவனான ஃபிட்டர் பையனின் சட்டையைப் பிடித்தாள். "மூணு ஆம்பளைங்க இருந்தீங்களேடா. ஒரு கதவைத் திறக்க முடியலையா?" அவன் வாயைத் திறந்தான், மூடினான், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் லென்ஸ் கடைக்கு வேலைக்கு வரவில்லை. வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தாள். நிலையம் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய அண்ணன் வேறு வீடு பார்த்து, லாரிக்கும் சொல்லிவிட்டார். "நான் வரலைண்ணா. அவர் வந்து கதவைத் தட்டினா யார் திறக்கறது?" என்றாள். பெற்ற வயிறு இப்படிக் கிடந்தால் பிள்ளை என்ன செய்யும்? குட்டியும் பள்ளிக்கூடத்தை விட்டு, சோற்றை விட்டு, அதே பாயில் சுருண்டாள். நான் பார்க்கப் போனபோது குழந்தையின் மணிக்கட்டு குச்சியாகிவிட்டிருந்தது. ஒருத்தர் செத்ததில் மூணு பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.

லாரி வருவதற்கு முந்தின நாள். மழை. மணி நாலு இருக்கும். பகல்தான், ஆனால் விளக்குப் போடுகிற அளவுக்கு இருட்டு.

"அம்மா, ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் பெட்டில வெச்சிடலாம்."

பல நாளுக்குப் பிறகு பிள்ளை கேட்ட முதல் விஷயம். அவள் எழுந்து வந்தாள்.

குட்டி மூணு காயையும் வைத்தாள். அவருடைய நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். "அப்பா முறை வந்தா தாண்டிடலாம்." மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தாள். பேச்சு நின்றது.

முதல் சுற்று, ஒன்றுமில்லை.

ரெண்டாவது சுற்றில் அவள் கவனித்தாள். பச்சைக் காயின் அடியில் ஈரம். கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒழுகவில்லை. முந்தானையால் துடைத்தாள். அடுத்த முறை பார்க்கும்போது மறுபடி ஈரம்.

அப்புறம் வாசனை. கிரீஸும் துருவும். அவர் வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது வருமே, அதே வாசனை.

பச்சைக் காய் ஒரு கட்டம் தள்ளி இருந்தது. குகைக்கு உள்பக்கமாக.

மகளைப் பார்த்தாள். குட்டியின் ரெண்டு கையும் கன்னத்தில் இருந்தன. பார்வை மட்டும் காலி நாற்காலிமேல்.

அப்போது...

டக்.

அவர் பக்கத்திலிருந்து வந்தது.

நில்லு.

தனக்குப் பயம் இல்லை என்கிறாள். பயம் எங்கே வரும்? சந்தோஷம் வந்தது. பாவி மகளுக்குச் சந்தோஷம் வந்தது! தன் சிவப்புக் காயை எடுத்தாள். குகை வாசலை நோக்கி வைக்கவில்லை. உள்ளே, பச்சைக் காயை நோக்கி வைத்தாள். விரலை மடக்கி ஓங்கித் தட்டினாள்.

டக், டக்... கிளிங்.

உங்ககிட்ட வர்றேன்.

மழைச் சத்தம் மட்டும். மணல் பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

குட்டி தன் மஞ்சள் காயை எடுத்தாள். அம்மாவின் காய்க்குப் பின்னாலேயே, உள்ளே வைத்தாள். அவளும் தட்டினாள். சின்ன விரல், மெல்லிய சத்தம்.

டக்... டக்.

அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

டக். டக். டக்.

"இல்லை" என்றாள்.

டக். டக். டக்.

மேஜை அதிர்ந்தது. காய்கள் ஆடின.

"இந்த வீட்ல மூணு கிடையாதுங்க!"

டக்! டக்! டக்!

"அம்மா..." குட்டி காலி நாற்காலியைக் காட்டினாள். "அப்பா போகச் சொல்றாரும்மா."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். மூணு மாசத்தில் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஒட்டிய கன்னம். எண்ணெய் காணாத தலை. தன் காய்க்குப் பின்னால் நிற்கிற அந்த மஞ்சள் காய்.

மணல் கடைசிப் பிடி.

மஞ்சளை எடுத்தாள். வாசலில் வைத்தாள்.

சிவப்பை எடுத்தாள். கை வரவில்லை. கண் தெரியவில்லை. வைத்தாள்.

பச்சை... உள்ளேயே நின்றது.

மணல் தீர்ந்தது.

கிரீஸ் வாசனை மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு வெறும் மழை வாசனை. அந்த வீட்டில் அவர்கள் ஜெயித்த முதல் ஆட்டம் அது. ஆத்தாளும் மகளும் மேஜைமேல் கவிழ்ந்து, துக்க வீட்டில் அழாததையெல்லாம் சேர்த்து அழுது தீர்த்தார்கள். அப்புறம் குட்டி, "பசிக்குதும்மா" என்றாள்.

கதை இதோடு முடிந்திருந்தால், துக்கத்தில் மனசு காட்டிய வேடிக்கை என்று நானும் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஃபிட்டர் பையன் வந்து நின்றான். ராத்திரி தூங்காத முகம்.

"அண்ணி, நீங்க போறதுக்குள்ள சொல்லிடணும். அன்னிக்குக் கதவு தானா சாத்திக்கலை. அண்ணன்தான் எங்களை வெளிய தள்ளிட்டு உள்ள தாழ்ப்பாள் போட்டாரு. போடலைன்னா தண்ணி எங்களையும் சேர்த்து அடிச்சிருக்கும். உங்ககிட்ட சொல்ல எங்க யாருக்கும் வாய் வரலை."

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நாங்க கதவை இடிச்சோம் அண்ணி, சத்தியமா. அவர் உள்ளேயிருந்து தட்டிக்கிட்டே இருந்தாரு. மூணு மூணா. காப்பாத்தச் சொல்றாருன்னு நினைச்சோம். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. அது என்னன்னு தெரியாம நான் தூங்கறதே இல்லை."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். "காப்பாத்தச் சொல்லலைப்பா. உங்களைப் போகச் சொன்னாரு" என்றாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

போகத் திரும்பியவன், நின்றான்.

"இன்னொண்ணு. சொன்னா பைத்தியம்னு நினைப்பீங்க. அந்த அறையைப் பூட்டி சீல் வெச்சு மூணு மாசமாச்சு. நேத்து சாயங்காலம் நான் மட்டும் கீழ டியூட்டில இருந்தேன். மழை பெய்யும்போது... உள்ளேயிருந்து அதே மாதிரி கேட்டுச்சு. மூணு. மறுபடி மூணு. மறுபடி மூணு."

அவள் ஓர் அடி கிட்டே வந்தாள்.

"ஆனா அது இல்லை அண்ணி நான் பயந்தது. அதுக்கு முன்னாடி கதவோட இந்தப் பக்கம், நான் நின்ன பக்கம், யாரோ ரெண்டு தட்டு தட்டினாங்க. கதவுல கை படறது கேட்டுச்சு. ஆள் இல்லை. கையில..."

அவன் பார்வை அவள் மணிக்கட்டுக்கு இறங்கியது.

"கையில வளையல் போட்டிருந்தாங்க."