மேற்படி மழை

என் அக்கா இருபது வருடமாக மழையைக் கணக்குப் போடுகிறாள். வட்டாரப் பருவநிலை மாதிரியைக் கணினியில் ஓட்டி, அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்வது அவள் வேலை. அவள் தரும் எண்ணைப் பார்த்துத்தான் மதகைத் திறப்பார்கள். மதகைப் பார்த்துத்தான் விதைப்பார்கள். ஆனால் குடையை மட்டும் தினமும் மறந்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் மழை சொல்றவ தொப்பலா வந்து நிக்கிறா பாரு" என்பார் அத்தான்.

ஊர்சுற்றித் திரும்பிய எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பழைய மழைப் பதிவேடுகளைப் படமெடுக்கும் வேலையை அக்கா தன் அலுவலகத்தில் வாங்கித் தந்தாள். வியாழன் மதியம், மலையடி நிலையத்து ஏட்டில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. சனி: அறுபது மில்லிமீட்டர். ஞாயிறு: மேற்படி. திங்கள்: மேற்படி.

"மூணு நாளும் சொல்லிவச்ச மாதிரி அறுபதா பெய்யும்?" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. பக்கங்களைத் திருப்பினாள். மழை பெய்த வாரமெல்லாம் சனிக்குக் கீழே இரண்டு மேற்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஏடுகளைக் கணினியில் ஏற்றியவள் அவள்தான். மேற்படி வந்த இடத்திலெல்லாம் மேலே இருந்த எண்ணையே அடித்திருந்தாள். அந்த எண்களை வைத்துத்தான் மாதிரி காட்டும் மழையைக் கூட்டிக் குறைப்பார்கள்.

மழைமானி பார்ப்பவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அண்ணே, மேற்படின்னு எழுதுறீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"இப்பவாவது கேட்டியே தாயி! சனி, ஞாயிறு லீவு. திங்கக்கிழமை மொத்தமா அளந்து சனியில எழுதிடுவேன். மத்த ரெண்டும் அதுலயே அடக்கம். அதான் மேற்படி. அது கிடக்கட்டும், நாளைக்குத் தண்ணி திறக்குறாங்களாமே, விதையை ஊறப்போட்டுரலாமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

ஒரே மழை மூன்று முறை கணக்கில் ஏறியிருந்தது. திருத்தி மறுபடி ஓட்டினாள். இத்தனை வருடமும் அணை நிரம்பியே இருந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. இந்த வருடம் பாதி அணைதான். நூற்றுப்பத்து நாளுக்கு வரும் என்றிருந்த தண்ணீர் புதுக் கணக்கில் அறுபத்தெட்டாம் நாளில் நின்றது. நெற்கதிர் வெளிவருவதற்கு முன்பே.

"தண்ணி திறக்கச் சொன்ன அறிக்கையில கையெழுத்து என்னுது" என்றாள்.

மேலதிகாரி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். "இருபது வருஷத் தப்புன்னு சொன்னா முதல்ல உன் தலைதான் உருளும். இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாப் பெஞ்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"பெய்யலேன்னா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துல கொடு, உன் பேர்ல. மேலே அனுப்புறேன். காலைக்குள்ள பதில் வரும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதே."

கடிதத்தில் தன் பெயரையே இரண்டு முறை தப்பாக அடித்தாள். அதை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது.

"விதைச் சாக்கைப் பிரிச்சு வச்சுட்டேன் தாயி. தெருவே என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்குது."

மேலதிகாரியின் கதவு திறந்தே கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஊறப்போடாதீங்கண்ணே. தெருவுலயும் சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

"நாளைக்குத் தண்ணி வந்துட்டா என்னை உரிச்சுருவாங்களே!"

"வரும்ணே. பாதியில நின்னுடும்."

தொலைபேசியை வைத்த அவள் கையைப் பிடித்தேன். மேலதிகாரியின் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.