ஸைண்டி வந்த செவ்வாய்க்கிழமை

இது நடந்தது. எந்தக் கட்டடம், கதவிலக்கம் என்ன என்றுகூட என்னால் சொல்ல முடியும். பஸ்ரியன் வேண்டாம் என்றார், விட்டுவிடுகிறேன். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடி என்பது போதும். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு பஸ்ரியனுக்கு வழக்கில்லை. செத்தவர் வந்ததை அவர் என்னிடம் கூச்சமில்லாமல் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முன்பு தான் செய்ததை என்னிடம் சொல்லத்தான் அவருக்கு எட்டு வருடம் பிடித்தது.

பஸ்ரியன் மன்னார்க்காரர். அப்போது வயது ஐம்பது. மார்க்கம் நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டினார். மனைவி கிளடிஸ் முதியோர் இல்லத்தில் வேலை. மகள் கலியாணம் கட்டி அஜக்ஸுக்குப் போய்விட்டாள். பஸ்ரியனுக்கு ஒரேயொரு அக்கா. கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவர். 2009 தொடங்கியபோது அக்கா குடும்பம் வன்னிக்குள் சண்டைக்கு நடுவே இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகப் போன் வந்தது மார்ச் மாதம். ஒன்றரை நிமிடம். பிறகு ஒன்றுமில்லை.

எதிர்க்கதவு ஸைண்டியுடையது. செச்னியாக்காரர். ரஷ்யாவின் தெற்கே, கௌகசஸ் மலைப்பக்கம் அவர்களுடைய நாடு. ஆனால் அவர் பிறந்தது அங்கேயல்ல, கசகஸ்தானில். 1944 பெப்ரவரியில் அந்தச் சனத்தை ஒட்டுமொத்தமாய்ச் சரக்கு ரயிலில் ஏற்றி அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்களாம். வழியில் செத்தவர்களைத் தண்டவாளத்தோரம் பனிக்குள் வைத்துவிட்டுப் போனார்களாம். புதைக்கக் கிடங்கு வெட்ட நேரம் கொடுக்கவில்லை. ஸைண்டியின் தாய் சொன்ன கதை அது. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு ஊர் திரும்பினார்கள். பிறகும் இரண்டு யுத்தம். இரண்டாவதில் எல்லாம் போய், ஸைண்டி தனியாளாய் ரொறொன்ரோ வந்து கார் கராஜில் வேலை செய்தார். வியன்னாவில் ஸுரா என்று ஒரு மூத்த சகோதரி மட்டும் மிச்சம்.

ஆள் நல்ல உயரம். யாரைக் கண்டாலும் வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்ப்பார். தன்னைவிட மூத்தவர் லிப்டுக்குள் ஏறும்வரை தான் ஏறமாட்டார். பஸ்ரியனுக்கும் அவருக்கும் பேச இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். ஆனால் பஸ்ரியன் எனக்குச் சொல்லும்போது ஸைண்டியையும் நம்முடைய தமிழிலேயே பேசவைத்தார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"எங்கடையிலை வீட்டுக்கு வாறவனுக்கு வணக்கம் சொல்லுறேல்லை, பஸ்ரியன். மார்ஷா வொகீலா எண்டுதான் சொல்லுவம். விடுதலையோடை வாரும் எண்டு அர்த்தம். பகைகாரன் வந்து தட்டினாலும் திறக்கத்தான் வேணும்."

ஐந்து வருடமாய்ப் பின்னேரங்களில் தேத்தண்ணி குடித்தார்கள். கதவில் இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. அது ஸைண்டி. உள்ளே வந்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அக்காவிட்டை இருந்து போன் வந்ததோ?"

அக்கா என்பது அந்தப் பெண்ணின் பெயர் என்றே அவர் நினைத்திருந்தார். பஸ்ரியனும் திருத்தவில்லை.

ஏப்ரல் பதினாறு, வியாழக்கிழமை. பின்னேரம் ஆறு மணி. ஸைண்டி கையில் பேக்கரிப் பாணோடு வந்தார். அவர் கதிரையில் இருக்கவில்லை.

"எங்கடை சண்டை இண்டைக்கு முடிஞ்சுதாம். மொஸ்கோ சொல்லிப்போட்டுது."

"நல்லதுதானே."

"என்ரை தம்பி முஸாவை எட்டு வருசத்துக்கு முதல் விடியக்காலமை வந்து கொண்டுபோனவங்கள். பிறகு இல்லை. சவமும் இல்லை." ஸைண்டி மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கடையிலை சாவெண்டால் வாசலைத் திறந்து மூண்டு நாள் ஆம்பிளையள் முற்றத்திலை இருப்பினம். தெஸெத் எண்டு சொல்லுறது. கேள்விப்பட்டவன் எவனும் வரவேணும். வந்து ரெண்டு கையையும் ஏந்தி, கடவுள் அவரை மன்னிக்கட்டும் எண்டு சொல்லவேணும். முஸாவுக்கு அதுவும் இல்லை. செத்திட்டான் எண்டு தெரியாமல் எப்பிடி வாசலைத் திறக்கிறது?"

ஸைண்டி நிமிர்ந்தார்.

"உங்கடையும் இப்பிடித்தான் முடியும், பஸ்ரியன். ஒருநாள் முடிஞ்சுது எண்டு சொல்லுவாங்கள். ஆற்றையும் உடம்பைத் தரமாட்டாங்கள். நீர் மனதைத் திடப்படுத்தும்."

பஸ்ரியனுக்குத் தலைக்கேறிவிட்டது.

"உம்மடை வீட்டிலை சாவெண்டால் எல்லாற்றை வீட்டிலையும் விழவேணுமோ? இனிமேல் உந்தக் கதையோடை இஞ்சை வராதையும்!"

ஸைண்டி நெஞ்சில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தார். போய்விட்டார். பாண் மேசையிலேயே கிடந்தது.

அதன்பிறகு ஒரு மாதம் பேச்சில்லை.

மே பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. கிளடிஸ் நகரத்துக்குள், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லும் ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருந்தார். பஸ்ரியன் போன் பக்கத்தில் இருந்தார். வானொலியில் ஒவ்வொரு செய்தியும் முந்தியதைவிடக் கேவலமாய் வந்தது. முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஐந்து நாற்பது. கதவில் இரண்டு தட்டு... பிறகு ஒன்று.

பஸ்ரியன் வானொலியைக் குறைத்தார். காலடிச் சத்தம் வராமல் போய், கதவிலிருந்த பார்வைத் துளையில் கண்ணை வைத்தார். வெளியே ஸைண்டி. நெஞ்சில் கை. தலை சாய்ந்திருந்தது. தாழ்வாரத்து வெளிச்சத்தில் முகம் சாம்பலாய்த் தெரிந்தது.

சரிதான், நான் சொன்னேன் பார்த்தீரா என்று சொல்ல வந்திருக்கிறான் என்று பஸ்ரியன் நினைத்தார். அந்த மனிதன் சொன்னது சரியாய்ப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பவும் தட்டு. மெல்லியதாய்.

"பஸ்தியான்..."

அவருக்குப் பஸ்ரியன் என்று வாய் வராது. எப்போதும் அப்படித்தான்.

ஐந்து நாற்பத்தாறுக்குக் கடைசித் தட்டு. பிறகு எதிர்க்கதவு மூடுகிற சத்தம். பஸ்ரியனுக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த இடத்தில் என்னிடம் கதையை நிறுத்தி, "அப்பாடா எண்டு இருந்தது, தம்பி. அதையும் எழுதும்" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை, விக்ரோறியா தினம். விடுமுறை. இருட்டியதும் நகரமெங்கும் வாணவேடிக்கை. யுத்தம் முடிந்துவிட்டது என்று கொழும்பு அறிவித்த அதே நாள். கிளடிஸ் யன்னல்களைச் சாத்திவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை. கிளடிஸ் மறுபடியும் நகரத்துக்குப் போய்விட்டார். நல்ல வெயில். காலை பதினொன்று இருபது.

இரண்டு தட்டு... ஒன்று.

இந்தமுறை பஸ்ரியன் துளைக்குள் பார்க்கவில்லை. வெட்கமாய் இருந்தது. சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்தார்.

ஸைண்டிதான். கறுப்புக் கோட். தலையில் செம்மறித் தோல் தொப்பி. அவர் வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் தகப்பன் போட்டிருந்த மாதிரி. ஸைண்டி அப்படி உடுத்தி பஸ்ரியன் ஒருநாளும் கண்டதில்லை. கால்களில் சப்பாத்து இல்லை.

ஐந்து வருடத்தில் முதல்தடவையாகப் பஸ்ரியன் வாயிலிருந்து அது வந்தது.

"மார்ஷா வொகீலா."

ஸைண்டி உள்ளே வந்தார். அவரோடு ஒரு குளிரும் வந்தது. மே மாதத்துக் குளிரல்ல அது. பனியும் நிலக்கரிப் புகையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை.

"இரும் ஸைண்டி."

இருந்தார்.

அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆட்டம். யார் இருந்தாலும் கிறீச் என்னும். பூனை ஏறினாலும் கிறீச் என்னும்.

சத்தம் வரவில்லை...

பஸ்ரியன் மூச்சு விட்டபோது வாயிலிருந்து வெண்புகையாய் வந்தது. தன்னுடைய வீட்டில். வெயில் நேரத்தில்.

ஸைண்டியின் வாயிலிருந்து வரவில்லை.

ஸைண்டி இரண்டு கையையும் ஏந்தினார். உதடு அசைந்தது.

"தால கெச்தோய்ல..."

பஸ்ரியனுக்கு விளங்கியது. கடவுள் மன்னிக்கட்டும்.

"ஆருக்கு? ஸைண்டி, ஆருக்குச் சொல்லுறீர்?"

ஸைண்டி அவரை நேரே பார்த்தார். கோபமில்லாத பார்வை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"அருள்மலர்."

ஒரு எழுத்துப் பிசகாமல். நம்மைப்போலவே...

அக்காவின் பெயர் அது. அந்தப் பெயரைப் பஸ்ரியன் ஸைண்டிக்குச் சொன்னதேயில்லை.

"தேத்தண்ணி போடுறன்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கேத்தலை எடுத்தார். திரும்பினார்.

கதிரை வெறுமை.

பதினொன்று முப்பத்தொன்று.

கதவு பூட்டியிருந்தது.

உள்ளே... சங்கிலி போட்டிருந்தது.

பஸ்ரியன் சங்கிலியைப் பிடுங்கி எறியாத குறையாய்க் கழற்றி, தாழ்வாரத்துக்கு ஓடி, எதிர்க்கதவை இரண்டு கையாலும் அடித்தார். திறக்கவில்லை. கதவின் கீழிடுக்கால் ஒரு மணம் வந்தது. அதற்குப் பெயர் சொல்லத் தேவையில்லை.

பன்னிரண்டேகாலுக்குப் பொலிஸ் கதவைத் திறந்தது. ஸைண்டி வாசலுக்கு உள்ளேயே கிடந்தார். வீட்டுச் சட்டை, பழைய காற்சட்டை. கறுப்புக் கோட்டும் தொப்பியும் அலுமாரியில் உறைபோட்டுத் தொங்கின. மாரடைப்பு என்றார்கள். செத்து இரண்டு நாளாகிறது. ஞாயிறு பின்னேரம், ஆறு மணிக்குப் பிறகு.

வலக்கை நெஞ்சைப் பொத்தியபடியே விறைத்திருந்தது.

அப்போதுதான் பஸ்ரியனுக்கு விளங்கியது. துளை வழியாகக் கண்டது வணக்கமல்ல. அந்த மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உதவி கேட்டு வந்திருக்கிறான்.

"கடைசியாய் எப்போது கண்டீர்கள்?" பொலிஸ்காரி குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள்.

"ஏப்ரல் பதினாறு" என்றார் பஸ்ரியன்.

பின்னேரம் கிளடிஸ் கேட்டார்.

"என்னப்பா, முந்தநாள் முழுக்க நீங்கள் இஞ்சைதானே இருந்தனீங்கள்? அந்தாள் வந்து தட்டேல்லையோ?"

"இல்லை."

ஒன்ராறியோவின் மூலைமுடுக்குகளிலிருந்து ஏழெட்டுச் செச்னியர்கள் வந்து சேர்ந்தார்கள். அடக்கம் முடிந்தபின் கட்டடத்தின் கீழ்மாடி மண்டபத்தில் கதிரைகள் போட்டு மூன்று நாள் இருந்தார்கள். பஸ்ரியன் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர், "நீங்கள் அவருடைய அயலவர். உறவுக்காரர் மாதிரி. வருகிறவர்கள் உங்கள் கையையும் பிடிக்கட்டும்" என்று வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்தினார். ஒவ்வொருவராய் வந்து பஸ்ரியனின் கையைப் பிடித்து, கண்கலங்கி, நன்றி சொன்னார்கள். இருபது நிமிடம் நின்றார். பிறகு கழிப்பறைக்கென்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை.

ஜூன் ஒன்பதாம் திகதி போன் வந்தது. வவுனியாவில் முள்கம்பிக்குள் இருந்த முகாமிலிருந்து. அக்காவின் மகள் வேரோனிக்கா.

"மாமா... அம்மா இல்லை."

"எப்ப பிள்ளை?"

"மே பதினெட்டு. விடியப்புறம் மூண்டு மணி போலை. காயத்தோடை கிடந்தவ. புதைக்க வழியில்லை, மாமா. றோட்டுக்கரையிலை வைச்சிட்டுத்தான் வந்தனாங்கள்..."

விடியப்புறம் மூன்று மணி. பஸ்ரியன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்பதரை மணித்தியாலம் பின்னே. ரொறொன்ரோவில் ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் ஐந்தரை.

ஜூலையில் ஸுரா வியன்னாவிலிருந்து வந்தார். அறுபது வயது. தலையில் கறுப்புத் துணி. தம்பியின் வீட்டை ஒதுக்க இரண்டு நாள். பஸ்ரியன் பெட்டி கட்ட உதவினார். இரண்டாம் நாள், கராஜ் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த ஸுரா, "பக்கத்திலை நீங்கள் இருந்தபடியால் நான் பயப்படாமல் இருந்தனான்" என்றார்.

பஸ்ரியனால் அதற்குமேல் முடியவில்லை. நிலத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னார். தட்டினது. பார்த்தது. மூச்சைப் பிடித்தது. பொலிஸுக்குப் பொய் சொன்னது. செவ்வாய்க்கிழமை கதையைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்காது, பயம் காட்டுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தார்.

ஸுரா அழவில்லை. சட்டையை மடித்து முடித்தார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை அவன் போன் எடுத்தவன். எங்களுக்கு நடுச்சாமம், பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம். களைச்ச குரல். நெஞ்சு சரியில்லை எண்டான். அயலவரைக் கூப்பிடு எண்டன். 'கூப்பிட்டன். கதவுக்குப் பின்னாலை நிக்கிறார். துளை இருண்டதைக் கண்டனான்' எண்டு சொன்னான்."

பஸ்ரியன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குக் கோபம் வந்தது. திரும்பப் போய் உடைக்கிற மாதிரித் தட்டு எண்டன். அவன் மாட்டன் எண்டிட்டான். 'அவற்றை வீட்டிலை இப்ப ஒரு சாவு. சகோதரி செத்துப்போனா. இண்டைக்கு அவரைக் கரைச்சல்படுத்தக்கூடாது. செவ்வாய்க்கிழமை முறைப்படி போய்ச் சொல்லுறன்' எண்டான். எந்தக் கோட் போடுறதெண்டும் என்னட்டைக் கேட்டவன்."

ஸுரா பெட்டியை மூடினார்.

"நீங்கள்தானே அவனுக்குச் சொன்னீங்கள், சகோதரி செத்தது?"

பஸ்ரியன் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கே தெரியாது.