அம்மா முதலில், தம்பி பிறகு

அன்று காலை தம்பி குளியலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்தபோது அவனுடைய வலது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. இடது கால் செருப்பு நடைவழியின் நடுவே கவிழ்ந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு செருப்ப எங்கடா வுட்ட?" என்று கேட்டாள். அவன் குனிந்து பார்த்தான். சிமெண்டுத் தரையில் பதிந்திருந்த வெறுங்காலை, அது தன்னுடையதுதானா என்று சந்தேகப்படுகிறவனைப் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டான். செருப்பு கழன்றது அவனுக்குத் தெரியவே இல்லை.

எங்கள் வீட்டில் அம்மாவும் தம்பியும் ஒரே வார்ப்பு. நைனாவும் நானும் ஒல்லி. அம்மாவுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. பல வருடங்களாகச் சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். நைனா அவள் தோளைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பார். தம்பிக்கு இருபத்தைந்து இருக்கும். அரக்கோணத்தில் செல்போன் கடை ஒன்றில் வேலை. நோய் எதுவும் இல்லை, உடம்பு மட்டும்தான் பாரம். மின்சார ரயிலில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்றுகொள்வார். பெண் பார்க்கப் போன வீட்டில் யாரோ அவன் காதுபடவே, "மாப்ள உக்காந்தா நாற்காலி தாங்குமா?" என்று சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த வாரமே அவன் தனியாகச் சென்னைக்குப் போய் ஒரு மருத்துவமனையில் விசாரித்துவிட்டு வந்து, இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப்போவதாகச் சொன்னான்.

"நல்லா இருக்கற வயித்த எதுக்குடா அறுத்துக்கற?" என்று நைனா கத்தினார். தறிக்கொட்டகையிலிருந்த இரண்டு விசைத்தறிகளையும் நிறுத்திவிட்டு வந்து கத்தினார். அவர் பகலில் தறியை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். தம்பி முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அவனோடு அம்மாவும் நானும் சென்னைக்குப் போனோம். மருத்துவர் தம்பியைவிட அம்மாவைத்தான் அதிக நேரம் பார்த்தார். உண்மையில் இந்தச் சிகிச்சையால் கூடுதல் பலன் உங்களுக்குத்தான், சர்க்கரையும் மூச்சும் சீராகும் என்றார். ஆனால் இந்த வயதில் ஆபத்தும் உங்களுக்கே கூடுதல் என்று மறைக்காமல் சொன்னார். திரும்பி வரும்போது, ரயில் மணவூர் தாண்டியதும், அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே தம்பியிடம் சொன்னாள்: "நான் மொதல்ல படுக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீ படு."

அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. அவளுக்குத்தான் முதலில் நடந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போலக் குழாயாக்கி விட்டார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது, மூச்சுதான் திரும்பவில்லை. வாயில் குழாயோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். நைனா கண்ணாடிக் கதவருகே நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னாலதான்க்கா, என்னாலதான்க்கா" என்று முனகிக்கொண்டிருந்தான். மறுநாள் மதியம் குழாயை எடுத்தபோது அம்மா முதலில் தேடியது தம்பியைத்தான். வலிக்கவில்லை என்று அவனுக்குக் கையை அசைத்துக் காட்டினாள். அது பொய் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

சில வாரம் கழித்துத் தம்பிக்கு நடந்தது. அன்று சாயங்காலமே எழுந்து நடந்தான். செவிலியர்களிடம் வேடிக்கை பேசினான். "எனக்கே ஒண்ணும் ஆவல, உனக்கு இன்னா ஆவப்போவுது" என்றாள் அம்மா. அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் எல்லோரும் அப்படியே நம்பிவிட்டோம்.

அவன் கண்ணுக்குத் தெரிய இளைத்தான். சட்டைகளைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்து வாங்கி, பிடித்ததையே மறுபடியும் பிடித்தான். அம்மா மெல்ல மெல்லத்தான் குறைந்தாள். "புள்ளைக்குப் புடிச்சிகிச்சு, அம்மாவுக்குப் புடிக்கல" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தராசு அப்படித்தான் சொல்லியது. ஆனால் வீட்டுக்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு வாழ்நாளில் பாதி மாத்திரையோடு கழிந்திருந்தது. மருத்துவமனை கொடுத்த சத்து மாத்திரைகளும் அந்தப் பழக்கத்தில் தானாகச் சேர்ந்துகொண்டன. சொன்ன அளவு குடித்தாள், சொன்ன தேதியில் போய்க் காட்டினாள். தம்பிக்கு நோயாளியாக இருந்தே பழக்கமில்லை. ஆபரேஷன் முடிந்தது, வேலைக்குப் போயாயிற்று, அவ்வளவுதான் அவனுக்கு. மாத்திரைகள் அட்டையிலேயே இருந்தன. தின்றதெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. விசைத்தறி ஓடும் வீட்டில் குளியலறையில் ஒருவன் வாந்தியெடுப்பது யார் காதிலும் விழாது.

செருப்பு கழன்ற அந்தக் காலையில் அம்மா அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "வாந்தி எடுக்கறியா?"

"இல்லம்மா."

"என் கண்ணப் பாத்து சொல்லு."

அவன் பார்க்க முயன்றான். விழிகள் ஓரிடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்தன. "ரெண்டு அம்மா தெரியுது" என்று சொல்லிச் சிரித்தான்.

அன்று எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் முருகனுக்கு ஆடிக் கிருத்திகை. ஊருக்குள் வண்டிகள் வராமல் தடுத்திருந்தார்கள். பிரதான சாலை முழுக்கக் காவடிக் கூட்டம். சென்னைக்கு எப்படிப் போவது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. சந்துகளில் ஆட்டோவை விட்டு, பக்கத்திலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் அவனைச் சேர்த்தோம். அங்கிருந்த மருத்துவர் அவனைப் பார்த்தார். வாந்தியால் நீர் வற்றி, உடம்பு துவண்டிருக்கிறது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்யச் சொன்னார்: குளுக்கோஸ்.

புட்டி கம்பியில் தொங்கிவிட்டது. செவிலி நரம்பு தேடித் தம்பியின் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு ஆபரேஷன் பண்ணவங்கள ஒரு வார்த்த கேளுடி" என்றாள் அம்மா என்னிடம். நான் சென்னைக்கு அழைத்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தேன். ஒரு பெண் மருத்துவர் எடுத்தார். வாந்தி இருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, கண் எப்படியிருக்கிறது என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று குரல் மாறி, "குளுக்கோஸ் ஏத்திட்டாங்களா?" என்றார்.

"இப்பத்தான் போடப்போறாங்க."

"நிறுத்தச் சொல்லுங்க. முதல்ல பி ஒன் விட்டமின் ஊசி போடணும். அது இல்லாம குளுக்கோஸ் உள்ள போனா மூளை பாதிக்கும். டாக்டர்கிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். இங்கிருந்த மருத்துவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எட்டி, செவிலியின் கையை விலக்கினார். பாதி பேச்சிலேயே புரிந்துகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த ஊசி அவர்களிடம் இல்லை. அவரே கடைகளுக்குப் போன் செய்தார். கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் இருந்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம்.

நான் ஓடினேன். மலையை நோக்கிப் போகும் அத்தனை பேருக்கும் எதிராக ஓடினேன். மஞ்சள் உடைகள், புஷ்பக் காவடிகள், அரோகரா என்ற குரல்கள். "எங்கம்மா இடிச்சிகினு போற?" என்று ஒருவர் திட்டினார். ஊசிமருந்துப் பெட்டியை வாங்கி முந்தானையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். புட்டி தொங்கியபடியே இருந்தது. அம்மா அதற்கும் தம்பிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எங்கேயும் பொருத்தப்படாத அந்தக் குழாயின் நுனியைக் கையில் இறுகப் பிடித்திருந்தாள். மருத்துவர் வந்து மெதுவாகச் சொன்ன பிறகுதான் விரல்களைப் பிரித்தாள்.

ஊசி போட்டார்கள். மறுநாள் கூட்டம் கலைந்ததும் ஆம்புலன்சில் சென்னைக்குக் கொண்டுபோனோம். கண்கள் முதலில் நிலைக்கு வந்தன. கால்கள் வர மாதக்கணக்கானது. தறிக்கொட்டகையில் நைனாவின் தோளைப் பிடித்தபடி நடந்து பழகினான். மருத்துவமனையில் கிடந்த சில வாரங்கள் அவன் நினைவிலேயே இல்லை, அதற்கு முந்தியது இருந்தது. வாந்தியை ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "வாந்தி வந்தா சீக்கிரம் இளைக்கும்னு நெனச்சேன்க்கா. எல்லாரும் நல்லா இளைச்சிட்டன்னு சொல்லிகினு இருந்தாங்க. அப்ப போய் இத எப்படி சொல்றது?" என்றான்.

அந்தச் சிகிச்சையை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. அம்மா இன்சுலினை விட்டுப் பல காலமாகிறது. இன்னும் பருமன்தான், ஆனால் மூச்சு அறுபடாமல் தூங்குகிறாள். நைனாதான் பழக்கதோஷத்தில் விழித்து, அவள் மூச்சைக் கேட்டுவிட்டு மறுபடி படுக்கிறார். தம்பி இளைத்த உடம்போடு வேலைக்குப் போகிறான். பாதம் எரிகிறது என்று இப்போதும் சில நாள் சொல்வான். கிழவிக்கு ஒத்துக்கொள்ளாது, பையனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஊரும் நாங்களும் போட்ட கணக்கு இரண்டு பக்கமும் தப்பாகிப்போனது.

போன மாதம் அம்மா, தம்பி, நான் மூவரும் பரிசோதனைக்காக அதே மருத்துவமனைக்குப் போயிருந்தோம். காத்திருக்கும் இடத்தில் ஒரு வாலிபன், தம்பியின் பழைய உடம்போடு, தன் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தான். என் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தான். "அண்ணா, இவங்களுக்கும் பண்ணாங்களா? எனக்கு பயம் இல்லண்ணா. எங்கம்மாவுக்கும் பண்ணிக்கச் சொல்றாங்க. அவங்கள நெனச்சாத்தான் பயமா கீது."

"ஆங், பண்ணாங்க. நல்லா இருக்காங்க" என்றான் தம்பி. பிறகு அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான். "அம்மாவ அப்புறம் பாத்துக்கலாம். உனக்கு வாந்தி வந்தா யாருகிட்ட சொல்லுவ? மொதல்ல அத சொல்லு."

வாலிபன் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தான். வாலிபனின் அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள்.