மிச்சம் இருக்கு!

“மிச்சம் இருக்கு!”

உள்ளறையில் சாக்கட்டி கிறீச்சிட்டு நின்றதும் குரல் வந்தது. “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று பதில் கொடுத்துவிட்டு, தையற்காரரின் மனைவி சட்டைக்குக் காஜா எடுப்பதைத் தொடர்ந்தாள்.

மற்ற தையற்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் இவர் வெட்டுமேசையில் வகுத்தல் கணக்குப் போடுவார். கழுத்தில் அளவு நாடா, காதில் சாக்கட்டி, வாயில் ஏதாவது ஓர் எண். இடுப்பளவு எடுக்கும்போதே நிறுத்தி, “முப்பத்தாறா? இது வேலைக்காகாது” என்று முணுமுணுப்பார். வந்தவர் பதறி வயிற்றை எக்கிக்கொள்வார்.

வகுக்கும் எண் தினமும் மாறும். வகுக்கப்படுவது என்றும் ஒன்றே: அறுபத்திரண்டு கோடியே அறுபத்தைந்து லட்சத்து ஐம்பத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மகள் உண்டாக்கிய எண். “ஒண்ணையும் இதையும் விட்டா, வேற எதால வகுத்தாலும் மிச்சம் வரும்ப்பா. பந்தயம்! நான் ஜெயிச்சா செவப்புக் கவுன் தைச்சுத் தரணும்.” கணக்கு முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. வெட்டிய சிவப்புத் துணி, தைக்கப்படாமல் ஆணியில் தொங்குகிறது. தோற்பதற்காகவே ஒரு தகப்பன் இத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று பார்க்க வந்தவள், மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது கல்லூரியில் கணக்கு டீச்சர். தோழியின் தாயிடம் ஆசையாய் அந்த எண்ணைக் கேட்டுப் போனில் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. அவள் முகம் வெளிறியது.

“அம்மா... அறுநூத்திப் பதிமூணுல வகுத்தா மிச்சமே வரலம்மா.”

தாய் அவள் வாயைப் பொத்தினாள். “உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், அவர்கிட்ட சொல்லிடாத. காலையில அவரைப் படுக்கையை விட்டு எழுப்புறதே அந்த மிச்சம்தான்டி.”

விடைபெற அவள் உள்ளே போனாள். தாய் திரைக்குப் பின்னால் நின்றாள்.

“மூஞ்சியே சொல்லுதே. போன்ல போட்டுப் பாத்துட்டியா?” என்றார் தையற்காரர்.

அவள் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“அறுநூத்திப் பதிமூணு. பாப்பா போன மொத மழைக்காலத்துலயே எனக்குத் தெரியும்மா. அழிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்.” குரல் இறங்கியது. “அவகிட்ட மட்டும் சொல்லிடாத. நான் கத்துறப்ப ‘இருக்கட்டும்’னு சொல்றா பாரு, அந்த நேரத்துலதான் அவ குரல்ல உயிர் இருக்கு.”

திரை ஆடியதா? ஆடியிருக்காது. தாய் ஓசைப்படாமல் திரும்பி வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து ஊசியை எடுத்துக்கொண்டாள். நூல் எப்போதோ உருவிப் போயிருந்தது.

வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினாள். தையற்காரரே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பவில்லை. சாத்திய கதவைப் பார்த்தபடியே, சாக்கட்டி இல்லாத வெறுங்கையோடு கத்தினார்:

“மிச்சம் இருக்கு!”

“இருக்கட்டும்” என்றாள் அவள், நூல் முனையை ஊசிக்காதில் கோக்க முயன்றபடி. அது நுழையவே இல்லை.