எங்கள் தெரு ரஷ்யாவும் அர்ஜென்டினாவும்

இந்த வாரம் முழுக்க அடைமழை. நேற்றுச் சாயங்காலம் கரண்டும் போய்விட்டது. மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று தீப்பெட்டியை எடுத்து உரசினால் குச்சி சீறவே இல்லை. மருந்து மட்டும் பிய்ந்து நகத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு குச்சி, இன்னொரு குச்சி. எல்லாமே நமுத்துப்போயிருந்தன. தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வக்கில்லாமல் இருந்தேன். என்னத்தைச் சொல்ல!

விரலை மோந்து பார்த்தேன். ஈர மருந்தின் அந்தக் கந்தக வாடை. உடனே சண்முகம் அண்ணாச்சியின் குரல் காதுக்குள் கேட்டது. "ஏலே, ஐப்பசி மழையில எவனாவது தீப்பெட்டி ஆபீஸ்ல ஸ்ட்ரைக் வைப்பானாலே?" கேட்டவரும் இன்று இல்லை, யாரைப் பார்த்துக் கேட்டாரோ அந்தத் தங்கராஜ் அண்ணாச்சியும் இல்லை. நமுத்த பெட்டியோடு நான்தான் இருக்கிறேன்.

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, இந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் பார்த்தது அந்த ஆபீஸ் வேலையும் இல்லை, இந்த ஆபீஸ் வேலையும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பசுவந்தனை ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கடலைமிட்டாய்க் கடை. பாகு காய்ச்சுகிற வாசனையில் பிள்ளைகளுக்கு எழுத்து ஓடாது, எச்சில்தான் ஊறும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மிஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட்டு, அந்த இடத்தைப் படிப்பு வட்டத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

படிப்பு வட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஏழெட்டுப் பேர், ஒரு கூஜா தண்ணீர், கீழ்க்கடை உடைசல் கடலைமிட்டாய். நடத்தியவர் தங்கராஜ் அண்ணாச்சி. பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்து ஆள். அவர்தான் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஜனங்கள் எப்படி எழுந்தார்கள், யார் பின்னால் போனார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் படித்துவந்து சொல்ல வேண்டும். சொல்லும்போது 'அவர்கள்' என்று சொல்லக் கூடாது, 'நாங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்போதுதான் வலி தெரியுமாம். விளைவு என்ன என்றால், கொஞ்ச நாளில் எங்கள் சொந்தப் பெயர்களே போய்விட்டன. டீக்கடையில் நின்று "கியூபா இன்னும் வரலையா? சைனாவுக்கு ஒரு டீ போடுங்க" என்று சொன்னால் மற்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எனக்கு விழுந்தது நிகராகுவா. பெரிய பெரிய நாடுகளை எல்லாம் ஆண்கள் அள்ளிக்கொண்ட பிறகு எனக்கு மிஞ்சியது அது. கிடைத்ததும் ஒரே ஒரு மெல்லிய புத்தகம். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு அந்த நாடு பிடித்துப்போனது. சர்வாதிகாரியைச் சண்டை போட்டு விரட்டியவர்கள், பத்து வருஷம் கழித்துத் தேர்தலில் தோற்றதும் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "நாங்க ஓட்டுல தோத்துட்டோம், இறங்கிட்டோம்" என்று சொல்லி நானே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் நிகராகுவா டீச்சர்.

தங்கராஜ் அண்ணாச்சி எடுத்துக்கொண்டது ரஷ்யா. அப்போதுதான் அந்த நாடு துண்டு துண்டாகப் போயிருந்தது. "செத்த நாட்ட எடுத்து வச்சுக்கிட்டு என்னலே செய்யப்போற?" என்று சண்முகம் அண்ணாச்சி கேலி செய்தார். "தோத்த நாட்டத்தாம்ல படிக்கணும். ஜெயிச்ச நாடு பொய் சொல்லும்" என்றார் இவர். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேக்காளிகள். ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட்டதில்லை. ஒருவர் பேசினால் இன்னொருவர் குறுக்கே பேசாமல் இருந்ததும் இல்லை.

சண்முகம் அண்ணாச்சி சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் வேண்டுமென்றே அர்ஜென்டினாவை எடுத்தார். அங்கே புரட்சி இல்லை. ஒரு தலைவர், அவர் மனைவி. மாடத்தில் வந்து நின்று கையசைப்பார்களாம், கீழே லட்சக்கணக்கில் ஜனம் அழுமாம். அந்த அம்மா ஏழைப் பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தாராம். "இது நம்மூர்லயும் நடக்குல்லா?" என்றார் சண்முகம் அண்ணாச்சி. தங்கராஜ் அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது ஏமாத்துலே. பசிச்சவனுக்குப் பண்டம் காட்டுதது" என்றார்.

அப்போது சண்முகம் அண்ணாச்சி சொன்னதை நான் மறக்கவே இல்லை. "ஒன் புரட்சி வந்து 'நீ எந்திரி'ங்கும். எங்க ஆளு வந்து 'நான் வந்துட்டேம்லா, நீ உக்காரு'ம்பாரு. நாள் முழுக்க கட்டை அடுக்கி இடுப்பு ஒடிஞ்சவளுக்கு இதுல எது கேக்க நல்லாருக்கும்? நீயே சொல்லு."

எல்லாரும் காளியம்மாளைத் திரும்பிப் பார்த்தோம். தங்கராஜ் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் வட்டத்தின் வியட்நாம். ஆபீஸில் கட்டை அடுக்குகிறவள். மரச்சட்டத்தின் வரிகளில் மருந்து முக்குவதற்குத் தோதாக ஒவ்வொரு குச்சியாகச் செருகுகிற வேலை அது. அவள் சிரித்தாள். "உக்காந்துதான அண்ணாச்சி கட்டையே அடுக்குதோம். கொஞ்சம் எந்திரிச்சாத் தேவல" என்றாள். கூடத்தில் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

கூலி உயர்வு கேட்டுக் காளியம்மாளின் ஆபீஸில் வேலைநிறுத்தம் என்று முடிவானது. எந்த நாளில் தொடங்குவது என்பதுதான் கேள்வி. நவம்பர் ஏழு என்றார் தங்கராஜ் அண்ணாச்சி. ரஷ்யப் புரட்சி நாள். நவம்பர் என்றால் ஐப்பசி. கரிசல் மண் வருஷத்தில் மழை பார்ப்பதே அந்த மாதத்தில்தான். மழையில் குச்சி காயாது, மருந்து பிடிக்காது. முதலாளியே எப்போது கதவைப் பூட்டலாம் என்று காத்திருப்பார். இது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பஞ்சாலைக்காரரானாலும் தங்கராஜ் அண்ணாச்சிக்கும் தெரியும், அவர் அம்மாவே ஆபீஸ் வேலை பார்த்தவர்.

"தையில வைப்போம்லே. வெயில் சுள்ளுன்னு அடிக்கும், ஆர்டர் நெருக்கும், முதலாளி தன்னால எறங்கி வருவான்" என்றார் சண்முகம் அண்ணாச்சி.

"நாடே இல்லாமப் போச்சு. அந்த நாளையும் விட்டுரச் சொல்லுதியா?" என்று கேட்டார் தங்கராஜ் அண்ணாச்சி. கண் கலங்கியிருந்தது. நவம்பர் ஏழுக்குக் கையைத் தூக்கச் சொன்னபோது காளியம்மாள்தான் முதலில் தூக்கினாள்.

சொல்லிவைத்த மாதிரி மழை வந்தது. முதலாளி 'மழையை முன்னிட்டு விடுமுறை' என்று ஒரு சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்தார். வாசலில் கொடி பிடித்து நின்ற பெண்களும் சும்மா நிற்பார்களா? புஞ்சை ஈரமாகிவிட்டது, விதைப்புத் தவறினால் ஒரு வருஷம் போய்விடும். பசுவந்தனைப் பக்கம், எப்போதும்வென்றான் பக்கம் என்று அவரவர் காட்டுக்குப் போனார்கள். கடைசியில் நனைந்த கொடியோடு காளியம்மாளும் இன்னும் சில பேரும் மட்டும் நின்றார்கள். வெயில் வந்ததும் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டார், இவர்களைத் தவிர. அதற்குப் பிறகு எந்த ஆபீஸிலும் காளியம்மாளுக்கு வேலை இல்லை.

அன்றைக்குத்தான் சண்முகம் அண்ணாச்சி அந்த ஐப்பசி மழைக் கேள்வியைக் கேட்டார். தங்கராஜ் அண்ணாச்சி நனைந்த கொடியைச் சுருட்டிக்கொண்டு போனார். அதோடு சண்முகம் அண்ணாச்சியிடம் பேச்சை விட்டுவிட்டார். அடுத்த தேர்தலுக்குள் சண்முகம் அண்ணாச்சி ஒரு பெரிய கட்சியில் சேர்ந்து, கரை வேட்டி கட்டி, வார்டு கவுன்சிலரும் ஆகிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட தங்கராஜ் அண்ணாச்சி, "அர்ஜென்டினா அர்ஜென்டினாவுக்கே போயிட்டான்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாயிரம் பிறந்தபிறகு ஒரு நாள், ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் வந்தது. சண்முகம் அண்ணாச்சி யாரிடம் சொல்லி எப்படி வாங்கினாரோ, காளியம்மாள் பெயருக்கு ஒன்றை வாங்கித் தட்டுவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். மிஷினில் தலைவரின் படம் ஒட்டியிருந்தது. தங்கராஜ் அண்ணாச்சி வாசலில் குறுக்கே நின்றார். ஒருத்தர் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார், இன்னொருத்தர் உள்ளே எடுத்துவைக்க விடவில்லை. மிஷின் தெருவில் நின்றது. தூறல் போட்டதும் காளியம்மாள் ஒரு சாக்கை எடுத்து அதை மூடினாள்.

மறுநாள் அது என் மாடிக்கு வந்து சேர்ந்தது. "டீச்சர், இங்கன ஒரு ஓரமா இருக்கட்டும். இங்கயே தச்சுக்கிடுதேன், எம் மக படிக்கணும்லா" என்றாள் காளியம்மாள். அதிலிருந்து பல வருஷம் என் கூடத்தில் டைப்ரைட்டர் சத்தமும் தையல் மிஷின் சத்தமும் சேர்ந்தே கேட்டது. தங்கராஜ் அண்ணாச்சிக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சண்முகம் அண்ணாச்சி கீழே சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவார். மேலே வந்ததே இல்லை.

ஒரு நாள் மிஷினை மிதித்துக்கொண்டே காளியம்மாள் தானாகச் சொன்னாள். "ஐப்பசியில வச்சா வெளங்காதுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? அத்தன பேரு முன்னால எங்க வீட்டுக்காரவியளத் தோக்கடிக்க மனசு வரல." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

பஞ்சாலையில் இத்தனை வருஷம் மூச்சோடு இழுத்த பஞ்சுத் தூசி தங்கராஜ் அண்ணாச்சியின் நெஞ்சில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவரைப் பேசவைக்கலாம் என்று, என் நிகராகுவாக்காரர்கள் மறுபடி ஓட்டில் ஜெயித்துவிட்டதையும் இப்போது அவர்களே சுவரெல்லாம் தலைவர் படம் ஒட்டுகிறார்கள் என்பதையும் சொன்னேன். "எல்லா நாடும் கடைசியில அர்ஜென்டினாதான் போல" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. அடங்கிய பிறகு, "சண்முகம் வந்தானா?" என்றார். எத்தனையோ வருஷம் கழித்து அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். நாட்டின் பெயரை இல்லை, ஆளின் பெயரை.

சைக்கிள் கடைக்கு ஓடினேன். சண்முகம் அண்ணாச்சி ஓட்டப்பிடாரத்தில் தலைவர் வருகைக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தார். ஆள் விட்டுச் சொல்லி, அவர் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடம்பை வீட்டு வாசலில் கிடத்திச் செங்கொடி போர்த்தியிருந்தார்கள். மிஷின் நின்ற அதே இடம். சண்முகம் அண்ணாச்சி தெருமுனையிலேயே கட்சித் துண்டை எடுத்து யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார். சங்கத்துக்காரர்கள் முறைத்தார்கள். காளியம்மாள், "வழி விடுங்க, அவிய வரட்டும்" என்றாள்.

சண்முகம் அண்ணாச்சி தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தக் கன்னத்தைத் தட்டினார்.

"ஏலே ரஷ்யா, எந்திரிலே. நான் வந்துட்டேம்லா... எந்திரி."

கூட்டத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. அன்றைக்கு மாடியில் அந்தச் சண்டையைக் கேட்ட எனக்கும் காளியம்மாளுக்கும் விளங்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

இப்போது அந்த மாடியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். காளியம்மாள் மகளோடு கோயம்புத்தூர் போய், அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். சண்முகம் அண்ணாச்சியைக் கட்சி கழற்றிவிட்டது. சைக்கிள் கடையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் போனால், "என்ன நிகராகுவா டீச்சர், ஒங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்பார். போன ஐப்பசியோடு அதுவும் நின்றுபோனது.

கரண்ட் வந்தபிறகு தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாகத் தெருவுக்கு வந்திருப்பதைக் காட்டினார்கள். எந்த நாடு என்று பார்ப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. அந்த நாட்டை எடுத்துக்கொண்டு, படித்துவந்து, 'நாங்க' என்று சொல்ல இனி எங்கள் தெருவில் ஆள் இல்லை.