சிக்னல் வளைவில் சிவப்புக்காகக் காத்திருந்தவர்கள்

மாலை நான்கு இருபது. பதுளையிலிருந்து வந்த பஸ் மடுல்சீமைப் பக்கத்து எங்கள் தோட்டத்து வளைவில் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டவை தூக்கிப் பிடித்த கைகள். குடையின் கீழும், உரப்பையைத் தலையில் கவிழ்த்தபடியும் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். ஆளுக்கொரு போன். அவர்களுக்குப் பின்னால் பாதைக்காகச் செங்குத்தாக வெட்டிய மண்மேடு. அதற்கு மேலே தேயிலை. போன ஐப்பசி மழையில் நடந்தது இது.

அவர்கள் திறக்க முயன்றுகொண்டிருந்தது நான் செய்த வலைப்பக்கத்தை.

பதுளையில் போட்டோகொப்பிக் கடையொன்றில் வேலை செய்துகொண்டே, வலைத்தளம் அமைக்கும் வகுப்பில் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தேன். முதலில் எந்த மொழியைப் படிப்பது என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பார்ப்பவரின் போனுக்குள்ளேயே இயங்கும். பிஎச்பி எங்கோ தூரத்தில் இருக்கும் சேர்வரில் இயங்கி, விடையை மட்டும் அனுப்பும். நான் பிஎச்பியை எடுத்தேன். கணக்கு ஒரே இடத்தில் நடந்தால் பிழையையும் ஒரே இடத்தில் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். காரணத்தில் தவறில்லை.

முதல் வேலையாக எங்கள் தோட்டத்துக்கே ஒன்று செய்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் மழைமானி ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர். அடைமழை என்றால் அளந்துவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்வார். மண்சரிவில் லயங்கள் புதைந்த மீரியபெத்தவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் அந்தத் தட்டலை அலட்சியம் செய்ததில்லை. இனி அளவை வலைப்பக்கத்தில் போட்டால் போதும், ஒரு நாள் மழையை அதுவே கூட்டி மஞ்சள், சிவப்பு என்று காட்டும் என்றேன். சிவப்பு என்றால் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போதுகூட அதைப் பற்றித்தான் பேச்சு. கதவு தட்டுவது நின்றது.

லயம் இருப்பது பள்ளத்தில். அங்கே சிக்னல் இல்லை. தோட்டத்தில் போன் வேலை செய்யும் ஒரே இடம் அந்த வளைவு.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பஸ் போய்விட்டது. மண்மேட்டிலிருந்து கசிந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. காலையில் நான் வேலைக்குப் போனபோது அது தெளிவாக இருந்தது. மேலே ஒரு நிழல் மரம் பாதையின் பக்கம் சாய்ந்து, வேரில் பாதி வெளியே தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கத்தினேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை.

என் சித்தப்பாதான் முன்னால் நின்றார். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். காலையில் திறந்த பக்கம் அப்படியே நின்றது, மேலே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் மஞ்சள்லதானே நிக்குது புள்ள."

அது பழையது என்றேன். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திறந்தால் இந்தச் சிக்னலில் எதுவும் வராது என்றேன்.

"நீ செஞ்ச பேஜுதானே? அதையே நம்பக்கூடாதுங்கிறியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்போதுதான் கூட்டத்தின் நடுவில் மழைமானி அக்காவைக் கண்டேன். முதுகில் கூடையோடு, இரு கைகளாலும் போனைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். அளவு எவ்வளவு என்று கேட்டேன்.

"நெறஞ்சு வழியுது. ஒரு மணி நேரமா அனுப்புறேன், போகமாட்டேங்குது."

பக்கத்தில் நிற்பவர்களிடம் வாயால் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"பேஜுல போட்டா போதும்னு நீதானே சொன்ன?"

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அளந்தவர் நடுவில் நிற்க, அவரைச் சுற்றி நின்றவர்கள் அவர் அளந்ததைத் தெரிந்துகொள்ளப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து ஒரு கல் உருண்டு வந்து பாதையோரத் தண்ணீர்க் கானில் விழுந்தது. பின்னால் நின்ற பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். சிலர் லயத்தில் இருந்தவர்களைக் கூப்பிட ஓடினார்கள்.

சித்தப்பா மட்டும் நகரவில்லை. "சுத்துதுல்ல, இப்ப வந்துரும்" என்றார்.

"கங்காணி சொன்னாலே கேக்காத ஆளு, நான் சொல்லியா கேக்கப்போறாரு" என்றபடி அக்கா அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். போனுக்குப் பின்னாலேயே சித்தப்பாவும் திட்டிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடத்துப் படியில் ஏறும்போது சத்தம் கேட்டது. லொறி கல் கொட்டுவது போன்ற சத்தம், ஆனால் நிற்காமல் வந்தது. திரும்பிப் பார்த்தபோது மரத்தைக் காணவில்லை. வளைவு இருந்த இடத்தில் மண் கிடந்தது. லயத்திலிருந்து வந்தவர்களையும் சேர்த்து ஆட்களை எண்ணினோம். எல்லோரும் இருந்தார்கள்.

மழை விட்டதும் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்கினேன். இப்போது அந்தப் பக்கத்தை ஒருமுறை போனில் இறக்கி வைத்துக்கொண்டால், அளவைப் போட்டதும் கணக்கு அந்தப் போனுக்குள்ளேயே நடக்கும், சிக்னல் வேண்டியதில்லை. அதில் நிறம் மாறினால் அக்கா கதவு தட்டக் கிளம்பிவிடுகிறார். வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த மொழியில் தொடங்கலாம் என்று கேட்டால், அது எங்கே இயங்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். வகுப்பில் சேர்ந்தபோது நான் எந்த மொழி நல்லது என்று பலரிடம் கேட்டேன்; இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

பாதையில் விழுந்த மண்ணை அகற்றிவிட்டார்கள். தோட்டத்துக்கு இன்னும் போன் கோபுரம் வரவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேச, மக்கள் இப்போதும் அந்த வளைவில்தான் போய் நிற்கிறார்கள்.