என்டர் தட்டுவதற்கு முன்

போடிமெட்டுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் புரோகிராம் நான் எழுதியது. சூடு எல்லை மீறவே, முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியிலிருந்து வேறொரு புரோகிராமரை வரவழைத்துவிட்டார். அவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்தில் மப்ளர், ஆளைப் பார்க்காமல் திரையையே பார்க்கும் கண்.

பிழை தேட உதவும் டீபக்கரைப் போட்டு, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நடுவில் நிறுத்தினார். ஒரு வேரியபிளின் மதிப்பைக் காட்டச் சொல்லி வரியை அடித்துவிட்டு, என்டர் மேல் விரலை வைத்தபடி என்னைக் கேட்பார். நான் பதில் சொன்ன பிறகுதான் தட்டுவார்.

“லிமிட் எவ்வளவு இருக்கும், தம்பி?”

“அம்பது. நான்தான எழுதுனேன்.”

தட்டினார். அறுபத்தைந்து. எப்போதோ சோதனைக்குப் போட்டு நான் மறந்துபோன எண். எஸ்டேட் ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கேயே அதை ஐம்பதாக மாற்றி ஓடவிட்டார்.

“இது ஓடுற வரைக்கும்தான் நிக்கும். நிப்பாட்டித் திரும்பப் போட்டா பழைய அறுபத்தஞ்சு வந்துரும். ஃபைல்ல வெரசா மாத்திருங்க.”

“என் சோலிய நான் பாத்துக்கிறேண்ணே.”

அவர் சொல்லி நான் திருத்துவதா என்று அந்த ஃபைலைத் தொடவில்லை. மறுநாள் கரண்ட் போய் வந்ததில் புரோகிராம் புதிதாகத் தொடங்கியது. அறை நிறையக் காய், பச்சை போய் மஞ்சளாக வெடித்துக் கிடந்தது.

“அவரு கை வச்சதுலதான்” என்றேன் முதலாளியிடம். நம்பிவிட்டார்.

அவரை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் எந்த வேரியபிளைப் பார்க்கும்போதும் என்டர் மேல் என் விரல் நின்றுவிடுகிறது. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் தட்டுகிறேன். பாதி நாள் தப்பாகத்தான் சொல்கிறேன்.